உயரத்தை விட்டு அகலத்தைப் பாருங்கள்: மலையகத்தில் பவளத் தொட்டி வைப்பவர்களின் கேள்விகள்

ஹட்டன்: அண்ணா, 3 அடி நீளம், 1 அடி அகலம், 2½ அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி மலிவாகக் கிடைக்கிறது. உப்புத் தண்ணீர் விட்டு உயிர்ப் பவளம் வளர்க்க எடுக்கலாமா?

எடுக்காதீர்கள் தம்பி. அதே 3 அடி நீளத்தில் ஒன்றரை அடி அகலம், 20 அங்குல உயரம் என்று சொல்லிச் செய்வித்தாலும் பிடிக்கும் தண்ணீர் அதே 212 லீட்டர்தான், ஆனால் காற்றிலிருந்து ஒட்சிசன் கலக்கும் மேற்பரப்பு 3 சதுர அடியிலிருந்து 4½ ஆகிவிடும். என் முதல் தொட்டியும் நீங்கள் சொல்வது போல ஒடுக்கமானது. பவளத்தை வைக்கும் கற்களைப் பின் கண்ணாடியில் சாய்த்துத்தான் அடுக்க முடிந்தது. ஒருநாள் விரல் நுனியளவு பவளத் துண்டு ஒன்று கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விழுந்துவிட்டது, முக்காலியில் ஏறித் தோள் வரை கையை விட்டும் எட்டவில்லை, மூன்றாம் நாள் அது வெளுத்துப் போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே நாலு பக்கமும் 3 அங்குலமாவது விட வேண்டும், 1 அடி அகலத்தில் அப்படி விட்டால் கல் வைக்க 6 அங்குலம்தான் மிஞ்சும். ஆழம் கூடக் கூட விளக்கின் வெளிச்சமும் அடியில் குறையும், அதற்கு இன்னும் விலை கூடிய விளக்கு வாங்க வேண்டி வரும்.

நுவரெலியா: இங்குள்ள குளிருக்குச் சின்னத் தொட்டிதானே சுலபம்? ஹீட்டர் செலவும் குறையுமே?

செலவு குறையும், ஆனால் ஆபத்து கூடும். பவளத்துக்கு 24 முதல் 26 டிகிரி வேண்டும். உங்கள் ஊரில் ஜனவரி இரவு 10 டிகிரிக்குக் கீழும் இறங்கும், அப்போது கரண்ட் போனால் 50 லீட்டர் தண்ணீர் மளமளவென்று ஆறிவிடும், 200 லீட்டர் மெதுவாகத்தான் ஆறும். ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் சின்னதாக இரண்டு போடுங்கள், ஒன்று பழுதானாலும் மற்றது கொஞ்சம் தாங்கும்.

இன்னொன்று, இதைக் கொழும்பு ஆட்கள் யோசிக்கத் தேவையே இல்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதே சூட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். அதனால்தான் மலையில் அகலமான மேற்பரப்பு வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். அப்புறம், குளிர்ந்த அறையில் சூடான தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை விடுங்கள், உப்புத் தண்ணீரை அல்ல.

பண்டாரவளை: பழைய பங்களா, பலகைத் தரை. 4 அடிக்கு 2 அடிக்கு 2 அடி வைக்கலாமா ஐயா?

பவளத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த அளவு அதுதான், தரைதான் பயம். தண்ணீர் மட்டும் 450 லீட்டருக்கு மேல், கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டும். சீமெந்துத் தரை உள்ள அறை இருந்தால் அங்கே வையுங்கள். இல்லையென்றால் ஒரு தச்சு பாஸைக் கூப்பிட்டுப் பலகைக்கு அடியில் சட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது, உளுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி சுவரோரமாக, பல சட்டங்களின் மேல் குறுக்காக உட்கார வேண்டும்.

தலவாக்கலை: லயத்து அறை அண்ணா, 4 அடிக்கு இடமில்லை. நீல டாங் மீன் வளர்க்க மகளுக்கு ஆசை.

2 அடி நீளம், அகலம், உயரம் என்று சதுரமாகச் செய்யுங்கள் தங்கச்சி, 226 லீட்டர் வரும், கற்களைத் தீவு போல நடுவில் வைத்தால் சுற்றிலும் கை எட்டும். ஆனால் அதில் டாங் வேண்டாம். அது 1 அடி வரை வளரும், நாள் முழுக்க நீந்தும், 6 அடி நீளமாவது தேவை. ஒரு சோடி கோமாளி மீன் அந்தச் சதுரத்தில் நிம்மதியாக இருக்கும். ஓடர் கொடுக்கும் முன் வாசல் அகலத்தை அளந்துவிடுங்கள், சில லயத்துக் கதவுகளில் 2 அடித் தொட்டி நுழைந்தாலும் அதைத் தூக்கி வருபவரின் கைகள் நுழையாது.