ஸ்டாக்ஹோமில் நான்கு நாள்: முகவர் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: ஜூன் மாதக் கடைசியில் என் கணவர் அலுவல் காரணமாக ஸ்டாக்ஹோம் செல்கிறார். நானும் 67 வயதான என் மாமியாரும் உடன் சென்று நான்கு நாட்கள் தங்க இருக்கிறோம். வாசா கப்பல், ட்ரொட்னிங்ஹோல்ம் அரண்மனை, தீவுகள், உப்சாலா ஆகியவற்றைப் பார்க்க ஆசை. விமான நிலைய வண்டி, சுற்றுலா அட்டை, படகுப் பயணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பயண முகவர் பெருந்தொகை கேட்கிறார். மொழி தெரியாத ஊரில் நாங்கள் இருவரும் பேருந்திலும் ரயிலிலும் சமாளித்துவிட முடியுமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக முடியும். நீங்கள் குறிப்பிட்ட இடங்களில் உப்சாலா ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஸ்டாக்ஹோம் வட்டாரப் பொதுப் போக்குவரத்தின் ஒரே பயணச்சீட்டு போதும். அதை நடத்தும் அமைப்பின் பெயரான எஸ்எல் (SL) என்ற இரண்டெழுத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்க ரயில், புறநகர் ரயில், டிராம், பேருந்து, நகருக்குள் ஓடும் சில படகுகள் ஆகிய அனைத்தும் இந்தச் சீட்டுக்குள் அடங்கும். ஒற்றைச் சீட்டு 75 நிமிடம் செல்லும். அதற்குள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம். 24 மணி நேரம், 72 மணி நேரம், ஏழு நாள் என்றும் சீட்டுகள் உண்டு. நான்கு நாளும் சுற்றப் போகிறவர்கள் 72 மணிச் சீட்டை வாங்கிவிட்டுக் கடைசி நாளில் தவிப்பதை விட, சிறிது கூடுதலாகக் கொடுத்து ஏழு நாள் சீட்டையே வாங்கிவிடுவது நிம்மதி. 65 வயது நிறைந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. உங்கள் மாமியாருக்கான சீட்டை எஸ்எல் செயலியில் சலுகைப் பிரிவைத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள்; வயதுக்குச் சான்றாக அவருடைய கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். வங்கி அட்டையை வாயிற்கதவில் நேராகத் தொட்டு நுழைந்தால் முழுக் கட்டணம் கழிந்துவிடும்.

எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது ஆர்லாண்டா விமான நிலையத்துக்கு அடியில் உள்ள ரயில் நிலையம். நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் இந்த விமான நிலையத்துக்குப் புறநகர் ரயில் வருகிறது, எஸ்எல் சீட்டும் அந்த ரயிலில் செல்லும். ஆனால் அந்த நிலையத்தின் வாயிற்கதவைக் கடப்பதற்கு மட்டும் தலைக்கு ஒரு தனிக் கட்டணம் கேட்பார்கள். அது ஒற்றைப் பயணச்சீட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ரயில் பாதையைத் தனியார் பங்களிப்போடு கட்டி 1999இல் திறந்தபோது, போட்ட முதலை மீட்டுக்கொள்ளும் வழியாக இதை ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். கால் நூற்றாண்டு கடந்த பிறகும், மாதச் சீட்டு வைத்திருக்கும் உள்ளூர்வாசி கூட அந்தக் கதவைத் தாண்டப் பணம் கட்டுகிறார். பொதுப் போக்குவரத்தை இவ்வளவு செம்மையாக நடத்தும் ஒரு நாடு, வந்து இறங்கும் விருந்தாளியின் முதல் அடியிலேயே இப்படி ஒரு சுங்கச்சாவடியை ஏன் விட்டுவைத்திருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது, கட்டணம் ரயிலுக்கு அல்ல, அந்தக் கதவுக்கு என்பதுதான். அங்கே இறங்காமல் அந்த வழியாகக் கடந்து போகிறவர்களுக்கு அது கிடையாது. ஆகவே கதவைத் தவிர்த்துவிட்டால் கட்டணமும் தவிர்ந்துவிடும். விமான நிலைய முனையத்துக்கு வெளியே 583 எண் பேருந்தில் ஏறி, மேர்ஸ்டா என்னும் அடுத்த ஊரின் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து புறநகர் ரயிலில் ஸ்டாக்ஹோம் சிட்டி நிலையத்துக்கு வாருங்கள். பேருந்து, ரயில் இரண்டும் எஸ்எல் சீட்டிலேயே அடங்கும். மேர்ஸ்டாவிலிருந்துதான் ரயில் புறப்படுகிறது என்பதால் பெட்டிகளோடு உட்கார இடமும் கிடைக்கும். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருபது நிமிடத்துக்குள் நகர மையத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் வேறு ரயில், அதன் விலையும் வேறு. மாமியாருக்குப் பயணக் களைப்பு மிகுதியாக இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

வாடகைக் கார் விஷயத்தில் கண்டிப்பாகவே எச்சரிக்கிறேன். சுவீடனில் 1990 முதல் வாடகைக் கார்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் கிடையாது. உரிமம் பெற்ற எவரும் தமக்கு விருப்பமான விலையை வைத்துக்கொள்ளலாம். அதைச் சட்டம் அனுமதிப்பதால் பிறகு முறையிட்டாலும் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. வண்டியின் கதவுச் சன்னலில் ஒரு மஞ்சள் விலைச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அதில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை, 10 கிலோமீட்டர் தூரம் 15 நிமிடம் ஓடினால் எவ்வளவு ஆகும் என்பதைக் காட்டும் ஒப்பீட்டு விலை. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளில் அந்த எண் ஒன்றுக்கு இரண்டாக இருப்பதை நீங்களே பார்க்கலாம். வரிசையில் முதலில் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வருகைக் கூடத்துக்குள் வந்து 'டாக்சி வேண்டுமா' என்று அணுகுபவரோடு ஒருபோதும் போகாதீர்கள்.

அடுத்தது உங்கள் முகவர் சொல்லும் சுற்றுலா அட்டை. பல அருங்காட்சியகங்களுக்கு ஒரே அட்டை என்று கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் இத்தகைய அட்டைகளில் எஸ்எல் பயணம் பெரும்பாலும் அடங்குவதில்லை. மேலும் ஒரு நாளில் மூன்று, நான்கு இடங்களையாவது ஓடி ஓடிப் பார்த்தால்தான் போட்ட பணம் திரும்பும். 67 வயதுப் பெரியவரோடு ஒரு நாளைக்கு இரண்டு இடம் பார்ப்பதே நிறைவு. வாசா அருங்காட்சியகம் ஒன்றே அரை நாளை எடுத்துக்கொள்ளும். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதற்பயணம் புறப்பட்ட அந்தப் போர்க்கப்பல், மேற்பாரம் மிகுந்து சாய்ந்து, திறந்து கிடந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்து, துறைமுகத்தை விட்டு வெளியேறும் முன்பே மூழ்கியது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தை அரிக்கும் கடற்புழு அங்கே பிழைப்பதில்லை. அதனால்தான் 333 ஆண்டுகள் கழித்து 1961இல் கிட்டத்தட்ட முழுக்கப்பலாகவே அதை வெளியே எடுக்க முடிந்தது. மரத்தைக் காப்பதற்காகக் கூடத்துக்குள் மங்கிய ஒளியும் குளிர்ச்சியும் வைத்திருப்பார்கள், ஜூன் மாதமாயினும் மாமியார் ஒரு சால்வை எடுத்துவரட்டும்.

வாசா இருக்கும் யூர்கோர்டன் தீவுக்கு நகர மையத்திலிருந்து 7 எண் டிராம் போகிறது. ஸ்லுசென் துறையிலிருந்து 82 எண் படகும் போகிறது. இந்தப் படகை நான் மறக்கவே மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தில், கையில் அச்சிட்ட உறுதிச்சீட்டுகளோடு தமிழ்க் குடும்பம் ஒன்று அந்தத் துறையில் நின்றுகொண்டிருந்தது. 'தீவுக்கூட்டப் படகுப் பயணம்' என்று அதில் எழுதியிருந்தது. ஊரில் ஒரு முகவர் ஐந்து பேருக்கும் தனித்தனியே பணம் வாங்கியிருக்கிறார். அவர்களுக்காக வந்து நின்ற படகோ, அலுவலகம் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அன்றாடம் ஏறும் இதே 82. பத்து நிமிடத்தில் அக்கரை வந்துவிட்டது. 'இவ்வளவுதானா?' என்று அந்தப் பெரியவர் என்னிடம் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவர்கள் சட்டைப்பையில் இருந்த எஸ்எல் சீட்டே அந்தப் படகுக்குப் போதுமானது.

உண்மையான தீவுக்கூட்டம் நகருக்குக் கிழக்கே தொடங்குகிறது. சிறு பாறைத் திட்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 30,000 தீவுகள் என்பார்கள். அதைப் பார்க்க, வாக்ஸ்ஹோல்ம் என்ற சிற்றூருக்குப் போய்வாருங்கள். போகும்போது ஸ்ட்ரோம்காயென் துறையிலிருந்து படகில் தனிச் சீட்டு எடுத்துச் செல்லுங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பைன் மரத் தீவுகளுக்கு இடையே படகு நெளிந்து போகும். மரவீடுகள் நிறைந்த தெருக்களில் நடந்து, நீருக்கு நடுவே நிற்கும் கோட்டையைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டு, திரும்பும்போது 670 எண் பேருந்தில் எஸ்எல் சீட்டிலேயே வந்துவிடலாம். இருபக்கப் படகுக் கட்டணத்தில் பாதி மிச்சம்.

ட்ரொட்னிங்ஹோல்முக்கும் படகில்தான் போக வேண்டும் என்று விற்பார்கள். கோடைப் படகு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பச்சை வழித்தடச் சுரங்க ரயிலில் ப்ரோம்மாபிளான் வரை சென்று, அங்கே 176 அல்லது 177 எண் பேருந்தில் ஏறினால் சில நிமிடங்களில் அரண்மனை அருகிலேயே இறங்கலாம். மிச்சமாகும் பணத்தில் அங்குள்ள நாடக அரங்கின் வழிகாட்டிச் சுற்றுக்கு அவசியம் சீட்டு வாங்குங்கள். 1766இல் கட்டிய அரங்கு அது. நீல வண்ணம் தீட்டிய முறுக்கு உருளைகளைக் கையால் சுழற்றினால் மேடையில் கடலலை புரளும். மேலே கற்கள் நிரப்பிய மரப்பெட்டியை உருட்டினால் இடி முழங்கும். இந்த மரப்பொறிகள் இன்றும் இயங்குகின்றன.

உப்சாலா நல்ல ஊர். ரயிலில் 40 நிமிடம்தான். ஆனால் அது அடுத்த மாவட்டம் என்பதால் எஸ்எல் சீட்டு எல்லையோடு நின்றுவிடும். ஸ்டாக்ஹோம் புறநகர் ரயிலே உப்சாலா வரை ஓடுகிறது. அதே இருக்கையில் அமர்ந்திருக்கும் பயணிக்குப் பாதி வழியில் இன்னொரு நிர்வாகத்தின் சீட்டு தேவைப்படுகிறது. இரண்டு அலுவலகங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கைப் பயணியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம் சுவீடன் நாணயமான குரோனாவில் ஆயிரத்துக்கு மேல், தெரியாது என்ற விளக்கம் எடுபடாது. ஆகவே உப்சாலா போவதானால் நெடுந்தூர ரயிலுக்கு முழுத்தூரச் சீட்டு வாங்கிவிடுங்கள். என் யோசனையைக் கேட்டால், அதற்குப் பதிலாக சிக்டூனாவுக்குப் போங்கள். ஏறத்தாழ 980ஆம் ஆண்டில் தோன்றிய பழைய நகரம். இடிந்த கல் தேவாலயங்களும் ரூன் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்து பொறித்த கற்களும் ஏரிக்கரையும் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. மேர்ஸ்டாவிலிருந்து பேருந்து உண்டு, எஸ்எல் சீட்டு செல்லும்.

நாட்களைத் திட்டமிடும்போது ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது மிட்சம்மர் என்னும் நடுக்கோடை விழாவுக்கு முந்தைய நாள். கடைகளும் பல அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். உங்கள் பயணம் அன்று விழுந்தால் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள், அங்கே ஆட்டமும் பாட்டும் நடக்கும்.

ரொக்கமாகக் குரோனா மாற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. பேருந்தில் ரொக்கம் வாங்குவதே இல்லை, பல கடைகளிலும் அப்படித்தான். பழைய வரிசை நோட்டுகள் செல்லாதவை ஆகிவிட்டதால், தெரிந்தவர் கொடுத்த நோட்டு என்று எதையும் நம்பி வாங்காதீர்கள். அட்டைக் கருவி 'ரூபாயிலா, குரோனாவிலா' என்று கேட்டால் குரோனாவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போய்விடும்.

முகவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். மொத்தத் தொகையை இனம் இனமாகப் பிரித்து, எந்தப் படகு, எந்தத் துறையிலிருந்து, என்ன எண் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளில் 82 என்ற எண் இருந்தால், உடனே முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.