மண் நனைந்தும் மோட்டார் நிற்கவில்லையா?

புரோகிராமில் தவறு இல்லை, மண் ஈரத்தை அளக்கும் சென்சார்தான் அரித்துப் போயிருக்கும். பள்ளித் தோட்டத்துக்குச் செய்த தானியங்கிப் பாசனம் பத்து நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, இப்போது மண் சேறாக இருந்தும் 'காய்ந்திருக்கிறது' என்று காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு கால் சென்சாருக்கு இதுதான் வழக்கமான முடிவு.

5 வோல்ட்டை இரவு பகலாகக் கொடுத்திருப்பீர்கள். ஈர மண்ணில் மின்னாற்பகுப்பு நடந்து, ஒரு காலின் செம்பு கரைந்துவிடும். மின்தடை ஏறும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சிறு போர்டான அர்டுயினோ அதைக் காய்ந்த மண் என்று எடுத்துக்கொள்ளும்.

பிடுங்கிக் கழுவிப் பாருங்கள், ஒரு கால் கறுத்தோ தேய்ந்தோ இருக்கும். அப்புறம் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் கால்களை மட்டும் முக்குங்கள். அதிலும் அர்டுயினோ காட்டும் எண், முழுக்கக் காய்ந்ததைக் குறிக்கும் 1023 பக்கமே நின்றால் மாற்ற வேண்டியதுதான். எந்த எண்ணுக்கு மேல் மோட்டார் ஓட வேண்டும் என்ற வரம்பைக் கூட்டி ஒப்பேற்றத் தோன்றும். சில நாளில் மறுபடி நகர்ந்துவிடும்.

புதியதற்கு மின்சாரத்தை அர்டுயினோவின் ஒரு டிஜிட்டல் பின்னிலிருந்து (புரோகிராமால் போட்டு அணைக்கக்கூடிய முனை) கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை அளந்ததும் அணைத்துவிடுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் சில விநாடிக்கு ஒருமுறை அளக்கலாம். கெபாசிட்டிவ் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் செம்பு மண்ணைத் தொடாது.

ஒன்று, மோட்டாரையும் இதேபோல் பின்னில் நேரடியாகச் செருகிவிடாதீர்கள், போர்டு கருகிவிடும். அது ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகவே இருக்கட்டும்.