பத்திரத்தைத் தொலைத்தது வங்கி. அலைய வேண்டியது யார்?

கேள்வி: 2009-ஆம் ஆண்டு வீட்டுக் கடன் வாங்கியபோது, என் தந்தை 1987-இல் மனை வாங்கிய கிரயப் பத்திரத்தையும், அவர் எனக்கு எழுதிக்கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரத்தையும் அசலாக வங்கியில் ஒப்படைத்தேன். கடந்த பிப்ரவரி 10-ஆம் தேதி கடனை முழுவதுமாக அடைத்துவிட்டேன். "பத்திரங்கள் சென்னையிலிருந்து வர வேண்டும்" என்று மூன்று மாதம் அலையவிட்டு, இப்போது 1987-ஆம் ஆண்டுப் பத்திரம் உறையில் இல்லை என்கிறார்கள். காவல் நிலையத்தில் நானே புகார் கொடுத்து, என் செலவில் நாளிதழில் விளம்பரம் செய்து, நகல் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "அசல் ஆவணங்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த ரசீதில் கையெழுத்திட்டால்தான் மற்றப் பத்திரத்தையும் தருவோம் என்கிறார் மேலாளர். என்ன செய்வது?
— வாசகர், திண்டுக்கல் (ஜூன் 10 தேதியிட்ட கடிதம்)

பதில்: அந்த ரசீதில் இருப்பது போலவே கையெழுத்திட்டுவிடாதீர்கள். நாளை எந்த மன்றத்துக்குப் போனாலும் வங்கி முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். கையில் கிடைக்கும் ஆவணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அச்சடித்த வரியை அடித்துவிட்டு, "செட்டில்மெண்ட் பத்திரம் மட்டும் பெற்றுக்கொண்டேன், 1987-ஆம் ஆண்டின் கிரயப் பத்திரம் தரப்படவில்லை" என்று உங்கள் கையால் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியில் கிளை முத்திரை வாங்குங்கள். அதற்கு மறுத்தால், மறுத்த விவரத்தை அன்றே மின்னஞ்சலில் கிளைக்கு எழுதிவிடுங்கள்.

அடுத்து, அந்தப் பத்திரம் வங்கியிடம் அசலாகத்தான் போனது என்பதற்கான சான்றைத் தேடி எடுங்கள். உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கான குறிப்பாணை, பேச்சு வழக்கில் எம்.ஓ.டி., அப்போது பதிவு செய்யப்பட்டிருந்தால் அதன் எண் வில்லங்கச் சான்றில் இருக்கும். அதன் நகலில் ஒப்படைத்த ஆவணங்கள் ஒவ்வொன்றும் எண், ஆண்டு, அசலா நகலா என்ற விவரத்துடன் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும். பதிவு செய்யப்படவில்லை என்றால், கடன் தரும் முன் வங்கியின் வழக்கறிஞர் எழுதிய சட்டக் கருத்துரையிலும், ஆவணங்களை வாங்கியபோது கிளையில் தந்த பட்டியலிலும் அதே விவரம் இருக்க வேண்டும். இவற்றை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் உரிமை. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தனிநபர் ஒருவர் வாங்கிய வீட்டுக் கடன் முழுவதும் அடைக்கப்பட்ட 30 நாள்களுக்குள் அசல் ஆவணங்கள் அனைத்தையும் திருப்பித் தந்து, பதிவான அடமானப் பொறுப்பையும் நீக்கிவிட வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் ஆவணம் திருப்பித் தர வேண்டிய நிலைக்கு வரும் எல்லாக் கடன்களுக்கும் இது பொருந்தும் என்பதால், கடன் 2009-இல் வாங்கியது என்பது தடையாகாது. ஆவணம் தொலைந்துபோனாலோ சேதமடைந்தாலோ, சான்றிட்ட நகல் பெறுவதற்கு வங்கியே உதவ வேண்டும், அதற்கான செலவையும் வங்கியே ஏற்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அந்த வேலையை முடிக்க வங்கிக்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. ஆக 60 நாள்களுக்குப் பிறகும் தாமதித்தால், ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

உங்கள் கணக்கில் 60-ஆம் நாள் ஏப்ரல் 11. அதற்குப் பிறகு நீங்கள் இக்கடிதம் எழுதிய ஜூன் 10 வரை மேலும் 60 நாள்கள் ஆகிவிட்டன. அதாவது மூன்று லட்சம் ரூபாய். "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்ற ஒரு வரிக் கடிதத்தோடு இந்தத் தொகையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு எந்த அவசியமும் இல்லை. வேறு சட்டங்களின்கீழ் இழப்பீடு கேட்கும் உரிமையையும் இது பாதிக்காது.

காவல் நிலையப் புகார் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. இப்படிப்பட்ட சூழலில் வாடிக்கையாளரையே அனுப்பி, "பேருந்தில் வரும்போது கைப்பையிலிருந்து தவறிவிட்டது" என்பதுபோல் எழுதித் தரச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். நடக்காத ஒன்றை நடந்ததாகக் காவல் துறைக்கு எழுதித் தருவது குற்றம்; அதைவிட, தொலைத்தது நீங்கள்தான் என்று உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். பத்திரம் யார் பொறுப்பில் இருந்து காணாமல் போனதோ அவர்கள்தான் புகார் தர வேண்டும். நாளிதழ் விளம்பரமும் அவர்கள் செலவே.

பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்; பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி அது அசலின் உள்ளடக்கத்தை நிரூபிக்கும் சான்றாக ஏற்கப்படும். ஆகவே வீட்டின் மீதான உங்கள் உரிமை அழிந்துவிடவில்லை. ஆனால் சட்டத்தில் செல்லுவது வேறு, சந்தையில் செல்லுவது வேறு. தாய்ப்பத்திரம் அசலாக இல்லை என்றதுமே வாங்க வருபவர் விலையைக் குறைப்பார். அந்த அசல் வேறெங்கோ அடமானத்தில் இருக்குமோ என்று அடுத்த வங்கி தயங்கும். இதனால்தான் நகல் மட்டும் போதாது. பத்திரம் தங்கள் பாதுகாப்பில் இருந்தபோது தொலைந்தது என்ற கடிதம் வங்கியின் தலைப்புத் தாளில் வேண்டும். எதிர்காலத்தில் இதனால் நேரும் இழப்பை ஈடுசெய்வதாக உறுதிப் பத்திரமும் வேண்டும். பெங்களூரு வாடிக்கையாளர் ஒருவரின் ஆவணங்கள் கூரியரில் தொலைந்த வழக்கில், கூரியர் நிறுவனத்தின் மீது பொறுப்பைத் தள்ளிய வங்கியின் வாதத்தைத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2023-இல் ஏற்கவில்லை. 25 லட்சம் ரூபாய் இழப்பீட்டுடன், சான்றிட்ட நகல்களையும் இத்தகைய உறுதிப் பத்திரத்தையும் தர உத்தரவிட்டது.

முதலில் வங்கியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியாக இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணையத்தில் முறையிடலாம். இழப்பீடு பெரிதாகக் கேட்பதென்றால் நுகர்வோர் ஆணையம் ஏற்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போகாதீர்கள். ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: நிதி நிறுவனத்தில் வாங்கிய தனிநபர் கடனில் சில தவணைகள் பாக்கி. கிளை இடம் மாறியபோது என் கடன் ஒப்பந்தம் தொலைந்துவிட்டதாம். தொகை எழுதாத புதிய படிவத்தில் கையெழுத்திடச் சொல்கிறார் வசூலுக்கு வருபவர். ஒப்பந்தமே இல்லையென்றால் கட்ட வேண்டியதில்லை என்கிறார் என் மைத்துனர். எது சரி?
— வாசகி, கடலூர்

பதில்: இரண்டுமே தவறு, சகோதரி. காகிதம் தொலைந்ததால் கடன் தீர்ந்துவிடாது. பணம் உங்கள் கணக்கில் வந்ததும், நீங்கள் தவணை கட்டியதும் வங்கிப் பதிவில் இருக்கின்றன. அசல் தொலைந்துவிட்டது என்பதை நிறுவினால், நகலையும் பிற சான்றுகளையும் நீதிமன்றம் ஏற்கப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் இடம் தருகிறது. ஆனால் உண்மையிலேயே தொலைந்தது, தேடியும் கிடைக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது. வட்டி விகிதம், அபராதக் கட்டணம், தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவற்றுக்கெல்லாம் ஆதாரம் ஒப்பந்தம்தான். அதை ஏதோ ஒரு வடிவில் காட்டாமல், சொன்ன கட்டணத்தையெல்லாம் கேட்க முடியாது.

அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பணக் கடனுக்கு வழக்குத் தொடுக்கக் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள். அது முடியும் முன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். முடிந்த பிறகும், தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி அது உங்களைக் கட்டுப்படுத்தும். எனவே தொகை எழுதாத தாளில் இடும் கையெழுத்து, இல்லாத வட்டிக்கும் கழிந்துபோன காலத்துக்கும் சேர்த்து நீங்கள் தரும் சம்மதமாகிவிடக்கூடும்.

கடன் ஒப்பந்தத்தின் பிரதியை இணைப்புகளுடன் கடன் தரும்போதே கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. உங்களுக்குத் தரப்பட்டதா என்று பழைய கோப்பையும் மின்னஞ்சலையும் பாருங்கள். இருந்தால் பத்திரமாக வையுங்கள். பிறகு நிறுவனத்துக்கு விரைவுத் தபாலில் எழுதுங்கள்: ஒப்பந்தத்தின் பிரதி, முதல் நாளிலிருந்து கணக்கு விவரம், அசல், வட்டி, அபராதம் தனித்தனியாக. "பாக்கியை ஒப்புக்கொள்கிறேன்" என்ற சொற்கள் அந்தக் கடிதத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். "தாங்கள் கேட்கும் தொகைக்கான ஆதாரத்தைத் தருக" என்பதே போதும். வசூலுக்கு வருபவரிடம் அந்தக் கடிதத்தின் தபால் ரசீதைக் காட்டுங்கள். படிவத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.