கிணற்றடியில் விழும் அப்பாவுக்குத் தாய்ச்சி உதவுமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பார்க்கின்சன் நோய்க்கு நாலு வருசமாகக் கிளினிக்கில் குளிசை எடுக்கிறார். போன மாதம் கிணற்றடியில் திரும்பும்போது இரண்டு தரம் விழுந்துவிட்டார். கனடாவில் இருக்கும் அண்ணா, தாய்ச்சி (Tai Chi) என்ற மெதுவான சீன உடற்பயிற்சியின் வீடியோ அனுப்பி, விடியக்காலையில் டச்சு பே கடற்கரையில் செய்யட்டும் என்கிறார். செய்யலாமா? குளிசையைக் குறைக்கலாமா?
வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: செய்யலாம். ஆனால் மணலில் வேண்டாம், விடியக்காலையிலும் வேண்டாம். குளிசையில் கை வைக்கவே வேண்டாம்.

இரண்டு தரமும் திரும்பும்போதுதான் விழுந்தார் என்கிறீர்கள். இந்த நோயில் எல்லார் கண்ணிலும் படுவது நடுக்கம். ஆனால் ஆளை விழுத்துவது பெரும்பாலும் இந்தத் திரும்பல்தான். மூளையில் டோபமைன் சுரக்கும் கலங்கள் குறையக் குறைய, யோசிக்காமலே வந்த அசைவுகள் சுருங்கிவிடும். உடம்பு திரும்பும், கால் ஒட்டினது போல அங்கேயே நிற்கும். கையில் தண்ணீர் வாளியும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

தாய்ச்சி பழக்குவது இதைத்தான். பாரம் முழுவதையும் மெல்ல ஒரு காலுக்கு மாற்றி, பாரமில்லாத காலைத் தூக்கி, குதியை முதலில் ஊன்றி வைப்பது. தானாக வராததை மனம் வைத்துச் செய்யப் பழகுகிறோம். அமெரிக்காவின் ஒரேகனில் 195 நோயாளர்களை மூன்று பிரிவாக்கி, கிழமைக்கு இரண்டு நாள், ஒவ்வொரு மணித்தியாலமாக 24 கிழமை பயிற்சி கொடுத்தார்கள். 2012இல் முடிவு வந்தது. மற்ற இரு பிரிவினரையும்விடத் தாய்ச்சிப் பிரிவினரின் சமநிலை நன்றாக இருந்தது. தசையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். நடுக்கம் நின்றுவிடும் என்று மட்டும் அப்பாவுக்கு ஆசை காட்டாதீர்கள்.

குளிசையைத் திடீரென நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். சாங்காயில் சில வருடம் கவனித்த ஓர் ஆய்வில், தாய்ச்சி செய்தவர்களுக்கு மருந்தைக் கூட்டும் தேவை மெதுவாகவே வந்தது. யார் தாய்ச்சி செய்வது, யார் செய்யாமல் இருப்பது என்று குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு என்பதால் அதை நான் அளவோடுதான் நம்புகிறேன். எப்படியானாலும், மெதுவாகக் கூட்டுவது வேறு, நீங்களாகக் குறைப்பது வேறு.

காலைக் குளிசை எடுத்து ஒரு மணித்தியாலம் போல ஆனதும், உடம்பு இளகியிருக்கும் நேரத்தில், வீட்டு விறாந்தையில் தொடங்குங்கள். பாயையும் கால்மிதியையும் எடுத்துவிடுங்கள். பாரமான மரக்கதிரை ஒன்று கைக்கெட்ட இருக்கட்டும், பிளாஸ்டிக் கதிரை சரிந்துவிடும். சாரம் காலில் தடக்கும், களிசான் போடச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். முதலில் பத்து நிமிடம் போதும், கதிரையைப் பிடித்தபடி பாரம் மாற்றுவது மட்டும். பிறகு திரும்பல். தரையில் பெரிய மணிக்கூடு இருப்பதாக நினைத்து, 12இலிருந்து 3க்கு ஒரே சுழற்சியில் போகாமல், சின்னச் சின்ன அடியாகக் கால் தூக்கி வைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணுங்கள், எண்ணிக்கை கேட்டால் கால் எழும்பும்.

தொடங்கமுதல், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல், விழுந்ததை டொக்டரிடம் சொல்லுங்கள். படுத்தபடியும் எழுந்து நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எழும்பும்போது பிரஷர் இறங்குவதும் இந்த நோயில் வழமை, அதற்குத் தாய்ச்சி மருந்தல்ல. பிசியோதெரபிஸ்டிடம் அந்த வீடியோவைக் காட்டி, அப்பாவுக்கு ஏற்ற அசைவுகளைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

அதுவரை அப்பா தனியாகக் கிணற்றடிக்குப் போக வேண்டாம். தண்ணீர் அள்ளி நிரப்பி வைத்து, கதிரையில் இருந்து குளிக்க விடுங்கள்.