பழைய ஹோல்ஸ்டர் ஒரிஜினலா? முத்திரைய விட்டுட்டு தையல்ல ஆரம்பிங்க

"எம்1916 லெதர் ஹோல்ஸ்டர் ஒண்ணு விலைக்கு வருது, பின்னாடி பாய்ட் 43னு முத்திரை இருக்கு, நம்பி வாங்கலாமா, வாங்கினா எண்ணெய் போடணுமா"னு ஒரு வாசகர் கேட்டிருக்காரு.

எம்1916 அமெரிக்க ராணுவம் 1911 பிஸ்டலுக்கு குடுத்த உறை, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பாய்ட் கம்பெனி இத நிறைய செஞ்சாங்க, 43ங்கறது 1943ம் வருஷம், அதனால முத்திரை பொருந்தி வருது. ஆனா போலி பண்றவங்க முதல்ல கை வைக்கிறதே முத்திரைலதான், அதனால நான் எப்பவும் தையலத்தான் முதல்ல பாப்பேன். ரூம இருட்டாக்கிட்டு யூவி டார்ச் அடிங்க, நூல் பளிச்னு நீல வெள்ளையா மின்னுச்சுன்னா அது பெரும்பாலும் போருக்கு அப்புறம் வந்த நூல். உடனே போலின்னு சொல்லிடாதீங்க, பழைய உறைய யாராவது திரும்ப தைச்சிருக்கலாம், அப்படின்னா பக்கத்துல பழைய ஊசி ஓட்டையும் தெரியும். மின்னலேன்னா ஒரிஜினல்னும் அர்த்தம் இல்ல.

அப்புறம் முத்திரை. லெதர் புதுசா ஈரப்பதமா இருக்கும்போது அடிச்சதுன்னா ஆழமா, ஓரம் வழுவழுன்னு இருக்கும், பள்ளத்துக்குள்ளயும் வெளியவும் ஒரே மாதிரி வயசாகியிருக்கும். காஞ்ச பழைய லெதர்ல இப்ப அடிச்சா மேல்தோல் விரிஞ்சு, உள்ள கலர் வேறயா தெரியும்.

தேய்மானம் காரணத்தோட இருக்கணும்: மூடி மடியற இடம், பித்தளை குமிழ் நுழையற ஓட்டை, குழல் முனை படற அடிப்பகுதி. எல்லா இடமும் சமமா தேஞ்சிருந்தா உப்புத்தாள் வேலைதான். கருப்பா இருந்தா உள்பக்கம் பாருங்க, 1950கள் பின்பாதில ராணுவம் கருப்புக்கு மாறினப்போ பிரவுன் உறைகளுக்கும் சாயம் ஏத்தினாங்க, அதனால உள்ள பிரவுன் தெரிஞ்சா அது மட்டுமே போலிக்கு அடையாளம் இல்ல.

எண்ணெய் தயவுசெஞ்சு வேண்டாம். லெதர் கருத்துப்போகும், நாளடைவில விறைக்கும், பித்தளைல பச்சைக்களிம்பும் கூடும். அந்தக் களிம்ப மரக்குச்சியால மெதுவா எடுங்க. வெள்ளைத்துணில தேச்சா செம்பழுப்பு பொடி ஒட்டுதுன்னா அது ரெட் ராட், லெதரோட நாரே சிதையுது, எதப் போட்டாலும் பழையபடி ஆகாது. சிதையற லெதர இறுக்கிப் பிடிக்க உதவற க்ளூசெல் ஜிங்கற பவுடர ஆல்கஹால்ல கரைச்சு பூசினா பொடி உதிர்றது அடங்கும், அவ்ளோதான். பிளாஸ்டிக் பைல கட்டி வைக்காதீங்க, பிஸ்டல உள்ள விட்டும் வைக்காதீங்க, துரு பிடிச்சிடும்.

பணம் குடுக்கறதுக்கு முன்னாடி பின்பக்கம், மூடியோட உள்பக்கம், தையல் குளோசப், மூணையும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, தயங்கினாங்கன்னா விட்டுடுங்க.