தக்காளிக்கு எத்தனை எழுத்து?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஏ.பி.ஐ. பற்றித்தான். ஃபேஸ்புக், மெசஞ்சர், ட்விட்டர் (இப்போது எக்ஸ்) போன்றவற்றோடு நம்முடைய நிரல் பேசுவதற்காக அந்தந்த நிறுவனமே திறந்து வைத்திருக்கும் வாசல் அது. புரோகிராம் எழுதாதவர்கள் இந்த முறை என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். செல்போன் சூடாவது, வைஃபை எட்டாதது எல்லாம் அடுத்த இதழில்.

*

கேள்வி: அக்கா, தக்காளி மண்டியின் அன்றைய விலையை மெசஞ்சரில் கேட்டால் சொல்லும்படி ஒரு பாட் எழுதினேன். ‘டொமேட்டோ’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் பதில் போகிறது. ‘தக்காளி’ என்று தமிழில் அடித்தால் ‘கையொப்பம் பொருந்தவில்லை’ என்று என் சர்வர் தள்ளிவிடுகிறது. அந்தச் சோதனையையே எடுத்துவிட்டால் எல்லாம் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடவா? ஃபேஸ்புக்குக்குத் தமிழ் ஆகாதா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: ஆகும், தம்பி. வினை உங்கள் நிரலில் இருக்கிறது. இதே வினையோடு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். கீழே கறிக்குழம்பு ஆறிப்போய், அம்மா மாடிப்படியில் நின்று மூன்று தடவை கூப்பிட்டு, நாலாவது தடவை கூப்பிடாமலேயே சாப்பிட்டுவிட்டார்.

வெப்ஹூக்குக்கு, அதாவது ஃபேஸ்புக் செய்திகளை அனுப்புவதற்காக உங்கள் சர்வரில் நீங்கள் திறந்து வைத்த முகவரிக்கு, வரும் ஒவ்வொரு செய்தியோடும் எக்ஸ்-ஹப்-சிக்னேச்சர்-256 என்ற தலைப்பு (ஹெடர்) ஒன்று வருகிறது. செய்தியின் உடலையும் ஆப் சீக்ரெட் என்ற உங்கள் ரகசியக் குறியையும் சேர்த்து எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கு முறையில் அரைத்தெடுத்த முத்திரை அது, உங்கள் சர்வர் ‘கையொப்பம்’ என்பது இதைத்தான். நீங்களும் அதேபோல அரைத்துப் பார்க்கிறீர்கள். இரண்டும் ஒத்துப்போனால் செய்தி அங்கிருந்துதான் வந்தது. உடலில் ஒரே ஒரு பைட் மாறினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும்.

இப்போது தக்காளியை எண்ணிப் பாருங்கள். நம் கண்ணுக்கு நாலு எழுத்து: த, க், கா, ளி. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு அதை 7 துண்டாக வைத்திருக்கிறது, ஏனென்றால் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் கொக்கிக்கும் அங்கே தனித்தனி எண். அந்த எண்களைச் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்த் துண்டு ஒன்றுக்கு 3 பைட், ஆக 21 பைட். ஆனால் முத்திரை போடும்போது ஃபேஸ்புக் தமிழ் எழுத்தை அப்படியே வைப்பதில்லை. ஒவ்வொரு துண்டையும் பின்சாய்வுக்கோடு, ‘யு’ என்ற ஆங்கில எழுத்து, அப்புறம் நாலு இலக்கக் குறியீடு என்று 6 குறிகளாக உடைத்து எழுதிவிட்டு, அதற்குத்தான் முத்திரை குத்துகிறது. 7 பெருக்கல் 6, மொத்தம் 42.

உங்கள் நிரல் என்ன செய்கிறது? வந்த ஜேசனை (தகவலை அனுப்பப் பயன்படும் எழுத்து வடிவம்) பிரித்து எடுத்துவிட்டு, பிறகு ஜேசன் புள்ளி ஸ்ட்ரிங்கிஃபை போட்டுத் திரும்பக் கட்டுகிறது. கட்டும்போது தமிழ் தமிழாகவே வந்து 42 இருந்த இடத்தில் 21 உட்கார்ந்துகொள்கிறது. ‘டொமேட்டோ’வுக்கு ஆங்கிலத்தில் 6 எழுத்து, எப்படிக் கட்டினாலும் 6 பைட்தான், அதனால்தான் அது தப்பித்தது. சந்தேகமாக இருந்தால் ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் அனுப்பிப் பாருங்கள், அதையும் உங்கள் சர்வர் தள்ளிவிடும்.

மருந்து சின்னது. பிரிப்பதற்கு முன்னால், வந்த உடலை வந்தபடியே ஒரு பஃபரில் பிடித்து வையுங்கள். எக்ஸ்பிரஸ் என்ற சர்வர் கட்டமைப்பில், ஜேசனைப் பிரிக்கும் பார்சருக்கு ‘வெரிஃபை’ என்று ஒரு ஆப்ஷன் உண்டு, அதற்குள் அந்தப் பச்சை உடல் கையில் கிடைக்கும். முத்திரையை அதற்குப் போடுங்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வந்த உடலின் நீளத்தையும் நான் கட்டிய உடலின் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுப் பார்த்தேன். இரண்டு எண்ணும் வேறு வேறு. அதைக் காலை பத்து மணிக்கே செய்திருக்கலாம்.

சோதனையை எடுத்துவிடவா என்று கேட்டீர்களே, எடுக்கவே கூடாது. உங்கள் வெப்ஹூக் முகவரி தெரிந்த எவரும் ஃபேஸ்புக் மாதிரி வேஷம் போட்டு உள்ளே எதை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று ஆகிவிடும். மண்டியில் விலை பொய்யாகப் போனால் பாட்டை யாரும் திட்டமாட்டார்கள். எழுதினவன் யார் என்றுதான் கேட்பார்கள்.

*

கேள்வி: ஓசூரில் ரோஜாச் செடி நர்சரி வைத்திருக்கிறோம். எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் தினமும் காலையில் ஒரு பதிவு தானாகப் போகும்படி என் தங்கை நிரல் எழுதிக் கொடுத்தாள். எனக்கும் அவளுக்கும் பதிவு தெரிகிறது. வாடிக்கையாளர் யாருக்கும் தெரியவில்லையாம். பிழைச் செய்தியும் வருவதில்லை.
– வாசகி, ஓசூர்

பதில்: தங்கை ஆப்பை ‘டெவலப்மென்ட்’ நிலையிலேயே விட்டிருக்கிறார். அந்த நிலையில் ஆப் போடும் பதிவை அந்த ஆப்பில் பொறுப்பு கொடுக்கப்பட்டவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். நீங்கள் இரண்டு பேரும் அட்மின். அதனால் உங்கள் இருவருக்கும் மட்டும் கடை திறந்திருக்கிறது.

சிரிக்கவில்லை, நானும் ஏமாந்தவள்தான். மாங்காய் சீசனில் அப்பாவின் மண்டிக்குப் பெங்களூரா, அல்போன்சா விலையைத் தினமும் போடும் நிரல் ஒன்று செய்தேன். ஒரு வாரம் தவறாமல் ஓடியது. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டே லைக், ஒன்று என்னுடையது, இன்னொன்று என் கூட்டாளியுடையது. ஊரில் யாருக்கும் மாங்காய் மேல் ஆசை விட்டுப்போச்சு என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். கடைசியில் அப்பாதான் தன் போனை நீட்டி, “எங்கம்மா போடற? இங்க ஒண்ணும் காணோமே” என்றார்.

ஆப்பின் டாஷ்போர்டில் ‘லைவ்’ நிலைக்கு மாற்றுங்கள். அதற்குத் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் முகவரி ஒன்று கேட்கும். மாற்றிய பிறகு, அட்மின் அல்லாத ஒருவரின் போனில் பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர் போதும்.

*

கேள்வி: ஒகேனக்கல் நீர்வரத்தைத் தினமும் எங்கள் பக்கத்தில் தானாகப் போடும் நிரல் வைத்திருந்தேன். மே 30-இல் ஆரம்பித்தேன், அருமையாக ஓடியது. ஜூலை 29-இல் நின்றது. ஆடிப்பெருக்கு நேரம், பரிசல் ஓடுகிறதா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். என் பதிவேட்டில் ‘தோல்வி’ என்று மட்டும் இருக்கிறது. நீர்வரத்து எண்கள் பெரிதானதால் இருக்குமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: எண் பெரிதானதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாட்களை எண்ணுங்கள்: மே 30-இலிருந்து ஜூலை 29 வரை சரியாக 60 நாள். உங்கள் பெயரில் நிரல் உள்ளே போவதற்கான அனுமதிச் சீட்டுதான் யூசர் டோக்கன், அதில் நீண்டகால வகைக்கு ஃபேஸ்புக் கொடுக்கும் ஆயுள் ஏறத்தாழ அவ்வளவுதான். குறுகியகால டோக்கன் இன்னும் மோசம், ஓரிரு மணி நேரத்தில் செத்துவிடும்.

‘தோல்வி’ என்று மட்டும் எழுதிவைத்ததுதான் உங்கள் மேல் எனக்கு வருத்தம். ஃபேஸ்புக் திருப்பி அனுப்பும் பிழையில் செய்தி, வகை, எண், துணை எண், கூடவே எஃப்.பி.-ட்ரேஸ்-ஐடி என்ற ஓர் அடையாளமும் இருக்கும். அத்தனையையும் அப்படியே கோப்பில் எழுதவிடுங்கள். எண் 190 என்றால் டோக்கனில் கோளாறு. கூடவே துணை எண் 463 என்றால் காலாவதி, 460 என்றால் யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். 4 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள். 10 என்றால் அனுமதி இல்லை. இவற்றை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். மஞ்சள் தாள், மூலையில் காபிக் கறை.

சரிசெய்ய: முதலில் நீண்டகால யூசர் டோக்கன் வாங்குங்கள். அதைக் கொண்டு உங்கள் பக்கத்துக்கான பேஜ் டோக்கன் வாங்குங்கள். அப்படி வாங்கிய பேஜ் டோக்கனுக்குக் காலாவதித் தேதி கிடையாது. அதற்காகச் சாகாவரம் என்று நினைத்துவிடாதீர்கள், பாஸ்வேர்டு மாறினாலோ அட்மின் பொறுப்பு போனாலோ அதுவும் போய்விடும். ஆகவே பதிவு போகாத நாளில் உங்கள் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்படி செய்துகொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் ஏறுகிற நாளில்தான் உங்கள் பக்கத்தை ஊரே பார்க்கும்.

*

கேள்வி: பர்கூரில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். ட்விட்டரில் தமிழ்ப் பதிவுகளைச் சேகரித்து, மக்கள் மனநிலையைக் கணிக்கும் ப்ராஜெக்ட். சீனியர் கொடுத்த நிரல் 2022 வரை ஓடியதாம். எனக்கு 403 (அனுமதி மறுப்பு) என்று வருகிறது. எந்த வரியை மாற்ற வேண்டும்?
– மாணவர், பர்கூர்

பதில்: எந்த வரியை மாற்றினாலும் ஓடாது, தம்பி. மாறியது வாசல். 2023 பிப்ரவரியில் ட்விட்டர் தன் ஏ.பி.ஐ.யின் இலவச அணுகலை நிறுத்துவதாக அறிவித்தது. மார்ச்சில் புதிய திட்டங்கள் வந்தபோது இலவசப் பிரிவில் மாதம் 1,500 பதிவு போடலாம், மற்றவர்கள் பதிவைப் படிக்க முடியாது என்று ஆனது. படிக்க வேண்டுமானால் அப்போது மாதம் 100 டாலர் கேட்டார்கள், அதற்கும் 10,000 பதிவு வரைதான்.

நம் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்தடிப்பது, காவல் காப்பது, காய் பறிப்பது எல்லாம் குத்தகைக்காரர். மரம் மட்டும் அவருடையதில்லை. அடுத்த வருடம் தோப்புக்காரர் வேலி போட்டால் கேட்க முடியாது. ஃபேஸ்புக்கும் இதைச் செய்திருக்கிறது. 2014 ஏப்ரல் 30-இல் அதன் ஏ.பி.ஐ.யான கிராஃப் ஏ.பி.ஐ. 2.0 வந்தபோது, ஒருவர் அனுமதித்தால் அவருடைய நண்பர்களின் விவரமும் ஆப்புக்குக் கிடைக்கும் என்ற பழைய வழி முடிவுக்கு வந்தது. பழைய ஆப்களுக்கு ஒரு வருடம் தவணை. அந்த வழியில் போன விவரங்கள்தான் 2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரமாக வெடித்தன. அந்த வேலிக்கு நியாயம் இருந்தது. ட்விட்டரின் வேலி பணத்துக்கானது என்பது என் எண்ணம், உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் வேறு மாதிரிச் சொல்லலாம்.

இப்போதைக்கு ட்விட்டர் மாதிரியே இருக்கும் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம் பக்கம் போங்கள். திறந்த ஏ.பி.ஐ., பணம் கேட்காது. வழக்கமான வரம்பு 5 நிமிடத்துக்கு 300 கோரிக்கை, இன்னும் எத்தனை மிச்சம் என்பதைப் பதிலின் தலைப்பிலேயே சொல்லிவிடும். தமிழ்ப் பதிவு அங்கே குறைவுதான். குறைவு என்பதையும் ப்ராஜெக்ட் அறிக்கையில் எழுதுங்கள். சீனியர் நிரலை வைத்துக்கொண்டு பழைய தேதியில் முடிவு காட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். வைவாவில் மாட்டுவீர்கள்.

*

கேள்வி: ட்விட்டர் பதிவுகளின் எண்களை எக்செலில் சேமித்தேன். எல்லா எண்களின் கடைசி இலக்கங்களும் பூஜ்ஜியமாக இருக்கின்றன. திரும்பத் தேடினால் ‘பதிவு இல்லை’ என்கிறது.
– வாசகர், அரூர்

பதில்: எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைத்துக்கொள்ளும், மீதிக்குப் பூஜ்ஜியம் போட்டுவிடும். எண்ணை ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் இதே ஆபத்து: 9007199254740991-க்கு மேலே போனால் முழு எண்களை நம்ப முடியாது. அதற்காகத்தான் ட்விட்டர் பழைய ஏ.பி.ஐ.யில் எண்ணாக ஒரு தடவை, எழுத்துச் சரமாக ஒரு தடவை என்று இரண்டாகக் கொடுத்தது. இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சேமித்தது போனது போனதுதான்.

*

கேள்வி: 429 என்று பிழை வருகிறது. வந்தவுடன் திரும்ப அனுப்பும்படி லூப் போட்டேன். இப்போது 429 மட்டும்தான் வருகிறது.
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். டோல்கேட்டில் வண்டி நகரவில்லை என்று ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். முதல் தடவை 1 வினாடி பொறுங்கள், அப்புறம் 2, 4, 8 என்று இரட்டிப்பாக்குங்கள். அதோடு ஒரு சின்னத் தற்செயல் எண்ணையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பத்து நிரலும் ஒரே வினாடியில் மறுபடி மோதும்.

*

கேள்வி: அக்கா, கரண்ட் போய் வந்தால் மட்டும் என் ட்விட்டர் நிரல் ‘135’ என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தானே எழுந்துகொள்கிறது. பழைய கம்ப்யூட்டர், யு.பி.எஸ். கிடையாது. நிரலில் தப்பே இல்லை, பத்து தடவை பார்த்துவிட்டேன்.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: நம்புகிறேன். 135 என்றால் நேரமுத்திரை எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். ஓஆத் 1.0 என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் ஒவ்வொரு கோரிக்கையிலும் உங்கள் கம்ப்யூட்டரின் நேரமும் சேர்ந்து போகிறது. அது ட்விட்டரின் கடிகாரத்திலிருந்து வெகுவாகத் தள்ளியிருந்தால் ஏற்க மாட்டார்கள். அடுத்த முறை கரண்ட் வந்ததும் நிரலைப் பார்க்காதீர்கள், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி 1 என்று இருக்கும். இணைய நேரத்தோடு சரிபார்த்துக்கொள்ள அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது, அதுதான் தானே எழுந்துகொள்வதன் ரகசியம்.

மதர்போர்டில் பொட்டு மாதிரி ஒரு வெள்ளி பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சி.ஆர். 2032. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நகத்தால் கொக்கியை நெம்பினால் எழும்பி வரும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், 2025-உம் 2032-உம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.