குளிர் நாட்டில் வீட்டுக்குள் எலுமிச்சை வளர்த்துக் காய் பறிக்க முடியுமா? கடைப் பழத்தின் விதையிலிருந்து முளைத்த செடி காய்க்குமா? குளிர்காலத்தில் இலையெல்லாம் ஏன் கொட்டுகிறது?

முடியும், நிச்சயமாக முடியும். டொராண்டோவில் எங்கள் வீட்டில் ஒரு மேயர் எலுமிச்சையும் கலமான்டின் என்ற சின்னப் புளிப்பு ஆரஞ்சு ஒன்றும் தொட்டியில்தான் நிற்கின்றன, இரண்டும் காய்க்கின்றன. ஆனால் ‘வெயில் வரும் சன்னல் ஓரம் வையுங்கள், வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள்’ என்ற இரண்டு வரி யோசனையை நம்பித்தான் நிறையப் பேருடைய செடி பிப்ரவரியில் வெறும் குச்சியாக நிற்கிறது. அதனால் இலை கொட்டுவதிலிருந்தே தொடங்குகிறேன்.

இலை கொட்டினால் எல்லோரும் முதலில் தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல, வேரின் குளிர். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் வேர் சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஜனவரியில் தெற்குப் பார்த்த சன்னலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: கண்ணாடி வழியாக விழும் வெயிலில் இலை சூடாகித் தண்ணீர் கேட்கிறது, தொட்டியோ சில்லென்ற டைல்ஸ் தரையில் உட்கார்ந்திருக்கிறது, வேரால் உறிஞ்சித் தர முடியவில்லை, மரம் வேறு வழியில்லாமல் இலையை உதிர்த்துவிடுகிறது. நாம் அதைப் பார்த்துப் பதறிப்போய் குழாயைத் திறந்து ஜில் தண்ணீரை இன்னும் ஊற்றுகிறோம். குளிர்ந்த, ஈரம் வடியாத மண்ணில் வேர் அழுகும். இலை போன மரம் வசந்தத்தில் துளிர்க்கும், வேர் அழுகிய மரம் துளிர்க்காது.

ஐரோப்பாவில் பணக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக இந்த மரங்களைக் குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை மான்சார் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய ஆரஞ்சு மாளிகை இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. தடித்த சுவர், தெற்குப் பார்த்த பெரிய பெரிய சன்னல்கள், அவ்வளவுதான். உறைபனி உள்ளே வராது, ஆனால் கதகதப்பும் இருக்காது. மரப்பெட்டிகளில் நிற்கும் மரங்கள் கோடையில் வெளியே, குளிரில் உள்ளே. அந்தக் குளிர்ச்சியில் மரம் அரைத் தூக்கத்தில் இருக்கும், அதனால் குறைந்த வெளிச்சமே அதற்குப் போதும்.

ஆக, குளிர்காலத்தைக் கடக்க இரண்டு வழிதான். ஒன்று, இப்படி 5 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும் வெளிச்சமான இடத்தில் தூங்க வைப்பது. உறையாத கண்ணாடி முன்னறை அல்லது சன்னல் உள்ள கராஜ் இருந்தால் போதும், தண்ணீர் மிகக் குறைவு, உரம் கிடையாது. இன்னொன்று, 18 டிகிரிக்கு மேல் வேரையும் சேர்த்துக் கதகதப்பாக வைத்து, பலமான வெளிச்சமும் கொடுத்து விழித்திருக்க வைப்பது. இரண்டுக்கும் நடுவில், ஹீட்டர் ஓடும் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் இருட்டு மூலையில் வைத்தால் மரம் தூங்கவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் மெலிந்துபோகும்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டாவது வழிதான் வாய்க்கும், நானும் அதைத்தான் செய்கிறேன். டிசம்பரில் டொராண்டோவின் பகல் ஏறக்குறைய 9 மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகம். சன்னலை மட்டும் நம்பாதீர்கள். செடிக்கான எல்இடி விளக்கு ஒன்றை இலைக்கு ஓரடி மேலே கட்டி, டைமர் போட்டு 12 மணி நேரம் எரியவிடுங்கள். தொட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு மரப் பலகை மேலோ ஸ்டூல் மேலோ ஏற்றுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், மண்ணுக்குள் விரலை விட்டு இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். செலவு செய்ய ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் விளக்கை வாங்குங்கள், அழகான பீங்கான் தொட்டி அப்புறம்.

சரி, விதை விஷயம். நம் ஊரில் நாட்டு எலுமிச்சையை விதைக் கன்றாகவே தோட்டங்களில் நடுகிறார்கள், சில வருடங்களில் காய்ப்புக்கு வருகிறது, தாய் மரத்தைப் போலவே இருக்கவும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஒரே விதைக்குள் தாயின் திசுவிலிருந்தே கூடுதல் கருக்கள் உருவாகும். ஆனால் அது நம் ஊர் வெயில். வீட்டுக்குள் அந்த வெளிச்சம் கிடைக்காது, விதைச் செடி முள்ளும் உயரமுமாகப் பல வருடம் ஓடும், கூரையைத் தொடும்போதும் பூக்காமல் இருக்கலாம். முளைத்ததைத் தூக்கி எறிய வேண்டாம், கிள்ளிய இலையின் வாசனைக்கே வைத்துக்கொள்ளலாம். காய் வேண்டுமென்றால் ஒட்டுச்செடி வாங்குங்கள்.

எந்த வகை என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: புளிப்பு வகையே வாங்குங்கள். சாத்துக்குடியும் ஆரஞ்சும் இனிப்பேற நீண்ட, நல்ல வெயில் வேண்டும், எலுமிச்சைக்கும் கலமான்டினுக்கும் அந்தத் தேவை இல்லை. தொடங்குகிறவர்களுக்கு மேயர் எலுமிச்சைதான் என் முதல் தேர்வு. சீனாவில் பெய்ஜிங் பக்கம் அலங்காரத் தொட்டிச் செடியாக இருந்ததை ஃபிராங்க் மேயர் என்பவர் 1908-இல் அமெரிக்க வேளாண் துறைக்காகக் கொண்டுவந்தார், அதாவது தொட்டி அதற்குப் பழகிய இடம். புளிப்பு சற்றுக் குறைவு, தோல் மெல்லிசு, ரசத்துக்கும் சாதத்துக்கும் நன்றாகவே இருக்கும். உப்பில் ஊறவைக்க, காரசாரமாக ஊறுகாய் போட, எனக்குக் கலமான்டின்தான் பிடிக்கும், சிறு காயாகக் கொத்தாகக் காய்க்கும்.

பூ உள்ளே பூத்தால் தேனீ இல்லையே என்று கவலைப்படாதீர்கள், தன் மகரந்தமே போதும், ஒரு சின்னத் தூரிகையால் தொட்டுவிட்டால் இன்னும் நல்லது. காய் பிடித்ததில் பெரும்பகுதி பட்டாணி அளவிலேயே உதிரும், சின்ன மரம் தாங்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொள்கிறது. எலுமிச்சை பழுக்க 6 முதல் 9 மாதம் ஆகும்.

பூச்சிகளில் இலையும் தரையும் பிசுபிசுவென்று ஒட்டினால் செதில் பூச்சி, வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி, இலையடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். ஹீட்டர் காற்றின் வறட்சியில் கடைசியாகச் சொன்னது வேகமாகப் பெருகும். மாதம் ஒரு முறை ஷவரில் இலையின் இரு பக்கமும் கழுவுங்கள், செதிலை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தெடுங்கள், மீதிக்குப் பூச்சிக்கான சோப்புக் கரைசல். குளிர்காலத்தில் இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடம் மஞ்சளித்தால் உடனே இரும்புச்சத்து உரத்தைக் கொட்டாதீர்கள், வேர் குளிர்ந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும், முதலில் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள், இதை எல்லோரிடமும் சொல்கிறேன். ஊரிலிருந்து வரும்போது எலுமிச்சைக் கன்றையோ கறிவேப்பிலைக் கொம்பையோ பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவராதீர்கள். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், சிட்ரஸ் சைலிட் என்ற சிறு பூச்சி இரண்டிலும் வாழும். அது பரப்பும் பச்சையாதல் நோய்க்கு மருந்தே இல்லை. ஃபுளோரிடாவில் 2005-இல் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது, இன்று அங்கே ஆரஞ்சு விளைச்சல் அதற்கு முன்பிருந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்காவில் சில மாநிலங்களிலிருந்து இந்தச் செடிகளை வெளியே எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு இருப்பதும் இதனால்தான். உள்ளூர் நர்சரியில் நல்ல ஒட்டுச்செடியே கிடைக்கிறது.

வாங்குவதை மே கடைசியில் வாங்குங்கள், உறைபனி பயம் போயிருக்கும். முதல் ஒரு வாரம் வெளியே நிழலில், பிறகு மெல்ல மெல்ல வெயிலுக்கு. செப்டம்பர் கடைசியில், இரவுக் குளிர் 10 டிகிரிக்கு இறங்குவதற்கு முன், நன்றாகக் கழுவி உள்ளே எடுங்கள். விளக்கை அன்றைக்கே போட்டுவிடுங்கள், இலை உதிரத் தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.